ஆறு நிமிட ஷட்டவுன் 41 வினாடிக்கு வந்த கதை

நேற்று ராத்திரி ஒன்பது மணி வாக்கில் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் ஷட்டவுன் கொடுத்துவிட்டு போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன். கணினியின் விசிறி நின்றபோது 41 வினாடி. மூன்று வாரத்துக்கு முன்பு வரை இதே வேலைக்கு ஆறு நிமிடம் ஆனது. யுபிஎஸ் தாங்குவதோ ஏழு நிமிடம்தான். எங்கெங்கே தப்பாகப் போனேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

கணினி பழையது. நான்காம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க். டெபியன் 12 என்ற லினக்ஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது. எஸ்எஸ்டி சிறியது என்பதால், அடிக்கடி மாறும் தரவுகள் போய்ச் சேரும் 'வார்' அடைவை மட்டும் ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். இந்த விஷயம் பின்னால் வரும். வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் கும்பாபிஷேக மலர் இப்படி. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பழைய கோப்புகள் முக்கால்வாசி பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். அதற்காக லினக்ஸுக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி, சுருக்கமாக விஎம்) விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன், 6 ஜிபி ராம் கொடுத்து. பில் போடும் மென்பொருளும் அதிலேயே ஓடுகிறது. கல்லூரிப் பாடத்துக்காக என் மகள் வைத்திருக்கும் சின்ன டெபியன் விஎம் இன்னொன்று. இரண்டும் கேவிஎம் (விஎம்மை ஓட்டும் லினக்ஸ் வசதி), லிப்விர்ட் (விஎம்களை நிர்வகிக்கும் சேவை), விர்ட்-மேனேஜர் (அதை ஜன்னலில் இயக்கும் மென்பொருள்) வழியாக ஓடுபவை.

ஆவணி முகூர்த்த நேரத்தில்தான் தொல்லை கண்ணில் பட்டது. சில நாள் ஷட்டவுன் கொடுத்தால் ஒரு நிமிடத்துச் சொச்சத்தில் அணைந்துவிடும். சில நாள் திரையில் டெபியன் சின்னம் மட்டும் நிற்கும், விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். எழுந்துபோய் சாப்பிட்டுவிட்டு வந்தால் அணைந்திருக்கும். இரவில் இது பெரிய விஷயமில்லை. ஒருநாள் கரண்ட் போய், அணைந்து முடிவதற்குள் யுபிஎஸ் கைவிட்டுவிட்டது. அன்று விண்டோஸில் இருந்த ஒரு பத்திரிகைக் கோப்பு திறக்கவே இல்லை. பழைய நகலிலிருந்து எடுத்து, பெயர்களைத் திரும்ப அடித்து, விடிகாலை இரண்டு மணிக்கு முடித்தேன். அதற்கு மேல் தள்ளிப்போட மனசு வரவில்லை.

முதலில் ஹார்டு டிஸ்க் போகப்போகிறது என்று நினைத்தேன். டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் சோதனை ஓட்டினேன். மாற்றி ஒதுக்கிய செக்டார் பூஜ்யம், காத்திருக்கும் செக்டார் பூஜ்யம். அப்படியும் சந்தேகம் தீராமல் சாட்டா கேபிளை மாற்றினேன். 120 ரூபாய். யுபிஎஸ் பேட்டரியையும் மாற்றினேன், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி, 950 ரூபாய். பேட்டரி எப்படியும் மாற்ற வேண்டியதுதான், மூன்று வருஷம் ஆகிவிட்டது. மேலே சொன்ன ஏழு நிமிடம் இந்தப் புதுப் பேட்டரி தருவது. ஆனால் ஷட்டவுன் நேரம் ஒரு வினாடிகூடக் குறையவில்லை.

இரண்டாவது தப்பு இதைவிட மோசம். லினக்ஸில் சேவைகளை நிறுத்துவது சிஸ்டம்டியின் வேலை. ஒரு சேவை நிற்க மறுத்தால் வழக்கமாக 90 வினாடி பார்த்துவிட்டுப் பலவந்தமாக நிறுத்திவிடும். அந்த 90-ஐப் பத்தாகக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். சிஸ்டம்டியின் பொது அமைப்புக் கோப்பில் அப்படியே மாற்றினேன். அன்று இரவும் ஆறு நிமிடம். அடுத்த நாளும் அதே. ஏன் பலிக்கவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அங்கேயே விடை கிடைத்திருக்கும். வேறு ஏதாவது டேட்டாபேஸ் ஓடுகிற கணினியாக இருந்தால் இந்தப் பத்து வினாடி கெடுதல் செய்திருக்கும். பழையபடி 90-க்கே வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். சின்னம் திரையில் நிற்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தினேன். பின்னால் ஓடும் வரிகள் தெரிந்தன. கடைசி வரியில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. லிப்விர்ட் விருந்தினர்களை (அதாவது விஎம்களை) நிறுத்தும் வேலை நடக்கிறது, இதுவரை 1 நிமிடம் 12 வினாடி, வரம்பு 'நோ லிமிட்' என்று போட்டிருந்தது. அந்த 'நோ லிமிட்' என்கிற இரண்டு சொல்லில்தான் முந்தைய நாள் புதிருக்கு விடை இருந்தது. லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற சேவை தன் கோப்பிலேயே நிறுத்தும் கெடுவைப் பூஜ்யம் என்று எழுதி வைத்திருக்கிறது. சிஸ்டம்டி மொழியில் பூஜ்யம் என்றால் வரம்பே இல்லை. பொதுக் கோப்பில் நான் பத்து போட்டாலும் ஆயிரம் போட்டாலும் அது கண்டுகொள்ளாது. விஎம்களைப் பாதியில் கொல்லக்கூடாது என்பதற்காக யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

கணினியைத் தொடக்கிவைக்கும் க்ரப் நிரலின் அமைப்புக் கோப்பிலிருந்து 'கொயட் ஸ்ப்ளாஷ்' இரண்டையும் அன்றே எடுத்துவிட்டேன். இப்போது அணையும்போது சின்னம் வராது, வரிகள்தான் வரும். அழகு குறைவு. ஆனால் எது தாமதிக்கிறது என்பது எப்போதும் கண்முன்னே இருக்கும்.

மறுநாள் காலை, கணினியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளை கொண்டு முந்தைய இயக்கத்தின் பதிவை எடுத்தேன். அந்தச் சேவையை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் தெளிவாக இருந்தது. விண்டோஸ் விஎம்முக்கு ஷட்டவுன் அனுப்பியாயிற்று, 300 வினாடி பாக்கி, 295 பாக்கி, 290 பாக்கி என்று கடைசிவரை இறங்கி, நேரத்துக்குள் அணையவில்லை என்று முடிந்தது. அதற்கு அப்புறம் மகளின் விஎம் 14 வினாடியில் அணைந்தது. அதற்கும் பிறகு கணினியின் மற்ற வேலைகள்.

இங்கே எனக்கு இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, விர்ட்-மேனேஜரில் விண்டோஸ் ஜன்னலைப் பெருக்கல் குறி தட்டி மூடினால் விண்டோஸ் அணைவதில்லை. மானிட்டரை மட்டும் அணைத்தது போலத்தான் அது. உள்ளே விஎம் ஓடிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் ஜன்னலை மூடிவிட்டு விண்டோஸை முடித்துவிட்டதாக ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு, ஐந்து நிமிடம் காத்திருந்தும் விண்டோஸ் அணையாததால், அடுத்து விஎம்மை நடத்தும் நிரலையே கணினி நிறுத்திவிடுகிறது. விண்டோஸுக்கு அது ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கியதற்குச் சமம். காலையில் விண்டோஸ் அவ்வப்போது 'டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன்' என்று நின்றது அதனால்தான். அந்த அறிகுறி பல மாதமாக எதிரே இருந்தது, நான் விண்டோஸின் சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் விண்டோஸ் ஏன் அணையவில்லை? சில நாள் மட்டும் எப்படி அணைகிறது?

இதற்கு விடை காண்பதற்குள் குறுக்குவழி ஒன்றில் இறங்கினேன். 'இடிசி' அடைவுக்குள் 'டிஃபால்ட்' அடைவில் லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்றே ஒரு அமைப்புக் கோப்பு உண்டு. கணினி அணையும்போது விஎம்களை என்ன செய்ய வேண்டும் என்று அதில் சொல்லலாம். 'ஷட்டவுன்' என்று இருந்ததை 'சஸ்பெண்ட்' ஆக்கினேன். அப்படிச் செய்தால் விண்டோஸின் சம்மதம் தேவையில்லை. அதன் ராமில் இருப்பதை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து எழுப்பிவிடும். கேட்க நன்றாக இருந்தது. மொத்தம் 1 நிமிடம் 50 வினாடிக்கு வந்தது. சேமித்த கோப்பு 4.3 ஜிபி. அது போய் உட்காருவது 'வார்' அடைவில், அதாவது என் ஹார்டு டிஸ்க்கில். வினாடிக்கு ஏறத்தாழ 80 எம்பி எழுதும் டிஸ்க்குக்கு அது மட்டுமே 54 வினாடி வேலை. எஸ்எஸ்டியாக இருந்தால் இதோடு நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

இப்படி மாற்றிய மூன்றாம் நாள் காலை பில் போடும்போது மாட்டிக்கொண்டேன். விட்ட இடத்திலிருந்து எழுந்த விண்டோஸின் கடிகாரம் முந்தைய இரவிலேயே நின்றிருந்தது. ஜிஎஸ்டி பில் இரண்டு நேற்றைய தேதியில் விழுந்தன. ரத்து செய்து மறுபடி போட வேண்டியதாயிற்று. எழுப்பும்போது நேரத்தைச் சரிசெய்யும் வசதி அதே அமைப்புக் கோப்பில் இருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய விண்டோஸுக்குள் 'கெஸ்ட் ஏஜென்ட்' என்ற, வெளியே இருக்கும் லினக்ஸோடு பேசும் சின்ன மென்பொருள் வேண்டும். என்னிடம் இல்லை. பழையபடி 'ஷட்டவுன்' என்றே மாற்றினேன்.

அன்று சாயங்காலம் நானும் மகளும் உட்கார்ந்து கையாலேயே சோதித்தோம். டெர்மினலில் லிப்விர்ட்டின் விர்ஷ் கட்டளை கொண்டு விண்டோஸுக்கு ஷட்டவுன் அனுப்பினால், 28 வினாடியில் அடக்கமாக அணைந்தது. மறுபடி ஏற்றி, மறுபடி அனுப்பினால் அதே 28. ஒரு குறையும் இல்லை. சலித்துப்போய் டீ போடப் போனேன். திரும்பி வந்து இன்னொரு முறை அனுப்பினேன். கறுப்பாக இருந்த விண்டோஸ் திரை பளிச்சென்று எரிந்தது, அவ்வளவுதான். அணையவில்லை. இன்னொரு முறை அனுப்பியதும் அணைந்தது.

"அப்பா, அது தூங்கிட்டு இருந்துச்சு. நீங்க முதல்ல அனுப்பினது அதை எழுப்பிவிட்டிருக்கு" என்றாள்.

அதேதான். லிப்விர்ட் அனுப்பும் ஷட்டவுன் என்பது விஎம்மின் பவர் பட்டனை ஒரு முறை தட்டுவது போல. விண்டோஸின் திரை தூங்கிக்கொண்டிருந்தால் அந்த முதல் தட்டலை 'எழுந்திரு' என்று எடுத்துக்கொள்கிறது. லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் ஒரே ஒரு முறைதான் தட்டும். பிறகு 300 வினாடி காத்திருக்கும். பேஜ்மேக்கரில் வேலை செய்த கையோடு அணைத்த நாட்களில் திரை விழித்திருந்தது, சட்டென்று அணைந்தது. மதியமே விண்டோஸ் வேலை முடிந்து, ராத்திரி லினக்ஸில் வேறு வேலை பார்த்துவிட்டு அணைத்த நாட்களில் ஆறு நிமிடம். டைரியில் குறித்திருந்த நாட்களோடு ஒப்பிட்டேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. இத்தனை நாள் குழப்பத்துக்கு இப்படி ஒரு நேரான காரணம் இருந்தது பெரிய நிம்மதி.

விண்டோஸின் பவர் அமைப்பில் திரை அணையும் நேரத்தை 'ஒருபோதும் இல்லை' என்று வைத்தேன். தூக்கமும் அப்படியே. பவர் பட்டன் தட்டினால் 'ஷட்டவுன்' என்றிருப்பதையும் உறுதி செய்தேன். மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நிமிட வேலை, செலவு எதுவுமில்லை. அன்றிரவு மொத்த நேரம் 1 நிமிடம் 27 வினாடி.

பட்டன் தட்டலை மட்டும் நம்பியிருக்க மனமில்லாமல் கெஸ்ட் ஏஜென்ட்டையும் போட்டேன். இது கொஞ்சம் இழுத்தது. விர்ட்-மேனேஜரில் விஎம்முக்கு ஒரு 'சேனல்' சாதனம் சேர்க்க வேண்டும். பட்டியலில் கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட் என்ற பெயரோடு அது தயாராகவே இருக்கும். சேர்த்தபின் விஎம்மை ரீஸ்டார்ட் செய்தால் போதாது, முழுக்க அணைத்து ஏற்ற வேண்டும். அப்புறம் விஎம்முக்கான டிரைவர்கள் அடங்கிய விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓ கோப்பை சிடி போல மாட்டி, அதிலிருக்கும் ஏஜென்ட்டை விண்டோஸில் நிறுவினேன். சேவை ஓடுகிறது என்று விண்டோஸ் சொல்கிறது, லினக்ஸ் பக்கமோ ஏஜென்ட் இணைப்பில் இல்லை என்கிறது. ஒரு மணி நேரம் போனது. டிவைஸ் மேனேஜரில் 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்று மஞ்சள் குறியோடு ஒன்று கிடந்தது. அதுதான் அந்தச் சேனலின் மறுமுனை. அதற்கான விர்ட்ஐஓ சீரியல் டிரைவரைப் போடாமலே ஏஜென்ட்டை மட்டும் போட்டிருந்தேன். அதே ஐஎஸ்ஓவில் டிரைவர் இருக்கிறது. போட்டதும் லினக்ஸிலிருந்து அனுப்பிய சோதனைச் செய்திக்குப் பதில் வந்தது. ஏஜென்ட் இணைப்பில் இருந்தால் லிப்விர்ட் பட்டனைத் தட்டாமல் அதனிடமே நேராகச் சொல்கிறது, திரை தூங்கினாலும் விழித்தாலும் ஒன்றுதான்.

இதில் ஒரு எச்சரிக்கை, அனுபவித்துச் சொல்கிறேன். ஏஜென்ட் வழி அணைக்கும்போது விண்டோஸ் 'சேமிக்கவா?' என்று கேட்டு நிற்பதில்லை. திறந்திருக்கும் நிரல்களைப் பலவந்தமாக மூடிவிடும். மறுநாளே சேமிக்காத ஒரு நோட்டீஸின் இரண்டாம் பக்கம் போனது. இப்போது பேஜ்மேக்கரில் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோல்-எஸ் தட்டுவது கைப்பழக்கம் ஆகிவிட்டது. கரண்ட் போகும் ஊரில் அது எப்படியும் இருக்க வேண்டிய பழக்கம்.

அடுத்து அமைப்புக் கோப்பில் இரண்டு எண்கள். விஎம்களை ஒன்றன்பின் ஒன்றாக அணைப்பதா, சேர்த்து அணைப்பதா என்பதற்கான எண் பூஜ்யத்தில் இருந்தது. பூஜ்யம் என்றால் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அந்த 300 வினாடிக் கெடு. அதாவது இரண்டு விஎம்மும் சேர்ந்து முரண்டு பிடித்தால் பத்து நிமிடம்! அந்த எண்ணை 2 ஆக்கினேன். இப்போது இரண்டும் சேர்ந்து அணைகின்றன, கெடுவும் இரண்டுக்கும் பொது. மகளின் 14 வினாடி விண்டோஸின் 28-க்குள் அடங்கிவிட்டது. கெடுவை 300-லிருந்து 120 ஆக்கினேன். 60 வைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் விண்டோஸ் அப்டேட் போட்டுக்கொண்டே அணையும் நாட்களில் 60 போதாது. யுபிஎஸ் ஏழு நிமிடம் தாங்கும்போது 120 தாராளம்.

இப்போது 1 நிமிடம் 13 வினாடி. விண்டோஸுக்கு 28 போனால் மீதி 45 வினாடி. விஎம் எதையும் ஏற்றாத நாளில் இதே கணினி 12 வினாடியில் அணைகிறது. அப்படியானால் 33 வினாடி எங்கே போகிறது?

வரிகளைப் பார்த்தால் ஹார்டு டிஸ்க்கை அன்மவுன்ட் செய்யும் (எழுத வேண்டியதை எழுதி முடித்து விடுவிக்கும்) இடத்தில் நின்றது. அடுத்த நாள் மாலை விஎம்களை மட்டும் அணைத்துவிட்டு, கணினியை அணைக்காமல் மெமரித் தகவலில் 'டர்ட்டி' என்ற வரியைப் பார்த்தேன். 1.2 ஜிபி. ராமில் இருக்கிறது, இன்னும் டிஸ்க்கில் எழுதப்படவில்லை என்று பொருள். அதை உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லும் 'சிங்க்' கட்டளை கொடுத்து நேரம் பார்த்தேன், 33 வினாடி. கணக்கு நேராக வந்தது. விண்டோஸ் வேலையை முடிக்கும்போதெல்லாம் அதற்குள்ளேயே அன்றைய வேலையை நகல் எடுத்து வைப்பேன். அதுதான் இந்த 1.2 ஜிபி.

ஆனால் விண்டோஸ் அணையும்போது 'எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுது' என்று சொல்லிவிட்டுத்தானே அணைய வேண்டும்? விஎம்மின் டிஸ்க் அமைப்பைத் திறந்து பார்த்தபோது வயிறு கலங்கியது. எழுதுவதை ராமில் எப்படித் தேக்கி வைப்பது என்று சொல்லும் கேஷ் முறை 'அன்சேஃப்' (பாதுகாப்பற்றது) என்றிருந்தது. ஒரு வருஷத்துக்கு முன் விண்டோஸ் நிறுவும்போது சீக்கிரம் முடியட்டும் என்று நானே வைத்தது, திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். அந்த முறையில் விண்டோஸ் 'எழுது' என்று சொல்வதை, விஎம்மை நடத்தும் நிரலான கியூஎமு காதில் போட்டுக்கொள்ளாது, எழுதியாயிற்று என்று பதில் மட்டும் சொல்லும். கரண்ட் போன அன்று என் பத்திரிகைக் கோப்பு கெட்டதற்கு இதுதான் காரணம் என்றே நம்புகிறேன். பேஜ்மேக்கரில் சேமித்திருந்தேன், ஆனால் அது ராமைத் தாண்டவில்லை.

கேஷ் முறையை 'நன்' (எதுவுமில்லை) ஆக்கினேன். இப்போது விஎம் எழுதுவது லினக்ஸின் ராமில் தேங்காமல் போகிறது. பெரிய கோப்பு நகல் எடுப்பது கண்ணுக்குத் தெரிகிற அளவு மெதுவாகிவிட்டது, 40 வினாடி ஆனது இப்போது ஒரு நிமிடத்துக்கு மேல். பரவாயில்லை. அந்தக் காத்திருப்பு கரண்ட் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. லினக்ஸ் பக்கமும் எழுதாமல் தேக்கி வைக்கும் அளவை 256 எம்பிக்குக் கட்டுப்படுத்தினேன், பென் டிரைவில் நகல் எடுத்த கையோடு அணைக்கும்போதும் தாமதிக்கக்கூடாது என்பதற்காக. அன்றிரவு 28-ம் 13-ம், மொத்தம் 41.

செலவு 1,070 ரூபாய், அதில் தேவையில்லாதது கேபிளின் 120. நேரம் ஏழெட்டு மாலைகள். மறுபடி செய்வதானால் முதல் நாளே எஸ்கேப் விசையை அழுத்துவேன், அடுத்த நாள் ஜர்னலைப் படிப்பேன், அது வரை எந்த அமைப்பையும் தொடமாட்டேன். விஎம் நிறுவும்போதே கெஸ்ட் ஏஜென்ட்டையும் டிரைவரையும் போட்டுவிடுவேன். தற்காலிகமாக மாற்றும் எதையும் மானிட்டரில் ஒரு சீட்டு ஒட்டி எழுதி வைப்பேன். அந்த 'அன்சேஃப்' ஒரு சீட்டில் எழுதியிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி. நான் வீட்டில் இல்லாதபோது கரண்ட் போனால் ஷட்டவுன் கொடுக்க ஆளில்லை. என் யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி இணைப்பு கிடையாது. தீபாவளிக்குப் பிறகு யுஎஸ்பி உள்ளது ஒன்று வாங்கி, பேட்டரி பாதிக்கு வந்ததும் கணினி தானே அணையும்படி செய்ய வேண்டும். அதுவரை வெளியே கிளம்பும்போது இரண்டு விஎம்களையும் அணைத்துவிட்டே போகிறேன்.